முந்திச் சொன்ன நன்றி

வியாழக்கிழமை காலையில் என் கணவருடைய வலது கை நகங்களை வெட்டிவிட்டேன். இடது கைக் கட்டைவிரலில் மேல் கணு அவருக்கு இல்லை. என்ஜின் பெல்ட்டில் சிக்கிப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. அந்தக் கையால் நகவெட்டியை அழுத்த வராது. அதனால் படகு ஏறும் நாட்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வலது கையை நீட்டுவார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வெட்டிவிடுவேன்.

அன்று சுண்டுவிரல் நகத்தைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டேன்.

"அடிப்பாவி, விரலையும் சேர்த்து எடுத்துடாதே. ஏற்கெனவே ஒண்ணு குறையுது."

"ஆடாம உட்காந்தா ஏன் வெட்டுது?"

"நான் எங்க ஆடினேன்? நீதான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வெட்டற."

அது உண்மை. எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நகத்துணுக்குகளை அவரே தாளில் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சனிக்கிழமை பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவ்வளவுதான்.

அவர் வேலை பார்த்தது சிமெண்டும் குடிதண்ணீர்க் கேன்களும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போய்வரும் ஒரு சரக்குப் படகில். கேப்டன், சமையல்காரர், மெக்கானிக்கான இவர் என்று மூன்றே பேர். வியாழன் கிளம்பினால் சனி மாலை நாலு மணிக்குக் கரை சேரும். பதினோரு வருடத்தில் நாலு மணி நாலரை ஆனதுண்டு. ஐந்து ஆனதில்லை.

எங்கள் சபையில் பாதிப் பேர் கடல் வேலைக்காரர்கள். ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டியும் இரண்டு கட்டுச் சீட்டும் இருக்கும். வீட்டு ஆள் கடலில் இருந்தால் வெள்ளைச் சீட்டில் பெயரெழுதிப் போடுவோம். பத்திரமாகத் திரும்பிவிட்டால் மஞ்சள் சீட்டில். ஞாயிறு ஆராதனையில் வெள்ளைச் சீட்டுப் பெயர்களுக்காக ஜெபிப்போம். மஞ்சள் சீட்டில் ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது எல்லோரும் "ஸ்தோத்திரம்" சொல்வோம். வாசிப்பவர், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். செக்கர் அண்ணன் என்று கூப்பிடுவோம். பார்வை மங்கல். அதனால் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் பெட்டியைத் திறந்து, பெயர்களை நோட்டில், வெள்ளைக்கு ஒரு பக்கம் மஞ்சளுக்கு ஒரு பக்கம் என்று, கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வார். பன்னிரண்டுக்கு மேல் தேவதூதனே வந்து சீட்டுப் போட்டாலும் அடுத்த வாரம்தான் என்பது அவர் சட்டம்.

நான் மருத்துவமனையில் துணி அறையில் இருக்கிறேன். சலவையிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரித்து, கிழிசல் தைத்து, மூலையில் சிவப்பு நூலால் எந்தப் பிரிவுக்கு உரியது என்று குறியிட்டு அனுப்புவது என் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு மணி முதல் ஏழு மணி வரை. படகு வருவதோ நாலு மணிக்கு. வந்த பிறகு சீட்டுப் போட்டால் நன்றி ஒரு வாரம் தள்ளிப் போகும். இரண்டொரு தடவை அப்படித்தான் நடந்தது. ஆறிப்போன சாப்பாட்டைப் பரிமாறியது போல இருந்தது எனக்கு. பிறகு ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகிற வழியில் மஞ்சள் சீட்டை முன்கூட்டியே போட்டேன். அவர் நாலு மணிக்கு வந்தார். அடுத்த வாரமும் அப்படியே போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

அவருக்கு இது தெரியும். "நான் வந்துட்டேன்னு நீயே எழுதிக் குடுத்துட்டே. அப்ப நான் எதுக்கு வரணும்? நடுக்கடல்லயே காலை நீட்டித் தூங்கறேன்" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையும் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது போட்டேன். கையில் காய்கறிப் பை இருந்ததால் முழங்காலில் வைத்து எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

ஏழரைக்கு வீடு திரும்பியபோது நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். அவருடைய தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் பட்டென்று பேசுகிறவள் அன்று இழுத்தாள்.

"அண்ணி... அண்ணன் இன்னும் வரல."

"காத்து அதிகமா இருந்திருக்கும்."

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள். இரண்டு பேரும் அப்படி நினைக்கவில்லை.

ஞாயிறு காலையில் முதலில் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். சனிக்கிழமை விடிகாலையிலிருந்து வயர்லெஸ்ஸில் பதில் இல்லை என்றார் அங்கிருந்தவர். தேடப் படகு போயிருக்கிறது, உட்காருங்கள் என்றார். அப்போதுதான் சீட்டு ஞாபகம் வந்தது. ஓடினேன். ஆலயப் படியில் கால் வைக்கும்போது உள்ளே செக்கர் அண்ணன், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது போன்ற அவருடைய குரலில், என் கணவர் பெயரை வாசித்தார்.

"பத்திரமாக வந்து சேர்ந்தார்."

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வாயும் சொல்லிவிட்டது. பழக்கம்.

மாலைக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போதகர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அக்கா, அந்த மஞ்சள் சீட்டு நீங்க எப்ப போட்டீங்க?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம்."

"படகு வர்றதுக்கு முன்னாடியே?"

"ஆமா."

அவர் கண்களில் நீர் கோத்தது. "கண்ணால பாக்கிறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லியிருக்கீங்க. எவ்வளவு பெரிய விசுவாசம் அக்கா!" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்படியில்லை, எனக்கு ஒரு மணிக்கு வேலை என்று சொல்லத்தான் திறந்தேன். சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டது. அவர் நீட்டியதைப் பிடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்தச் சீட்டைப் பற்றியே பேசினார். அதை அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி வைத்தார்கள். என் கோணல் எழுத்தை வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், போகும்போது, "நம்ம பையனுக்கும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று என் முன்னால் தலை குனிந்தார்கள். நான் அவர்கள் தலையில் கை வைத்தேன். என் கை வியர்த்திருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

அந்த நாட்களின் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயம் ஒன்று. அது நேரான பயம். இன்னொன்று வளைந்தது. ஆண்டவரிடம் பொய்ச் சீட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் அதற்காகக் கோபப்பட்டால்? அல்லது, போதகர் சொல்வது போல, அதை விசுவாசம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால், அதன் மேல்தான் என் கணவர் எங்கேயோ ஒரு பலகையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தால், நான் உண்மையைச் சொன்ன கணத்தில் அந்தப் பலகை நழுவிவிடாதா? தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த எண்ணம் வரும். ஊசி துணியில் இறங்கியிருக்க, கால் அப்படியே நின்றுவிடும். ஜெபிக்கவும் பயம். வாயைத் திறந்தால் உண்மை வெளியே வந்துவிடும் போல இருந்தது. ஆண்டவருக்குத் தெரியாததா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

நாத்தனாருக்கு மட்டும் தெரியும்.

"சொல்லிடுங்க அண்ணி."

"அவர் வந்ததும் சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் ஊரே உங்க கால்ல விழட்டுமா? நேத்து ஒருத்தி கடைக்கு வந்து, உங்க அண்ணி தொட்ட கைக்குட்டை கிடைக்குமான்னு கேக்கறா. மூக்குச் சிந்தினதுதான் இருக்குன்னு சொல்லி அனுப்பினேன்."

"வாயை மூடு. சொல்லப்போய் ஏதாவது ஆயிட்டா?"

"ஆண்டவர் என்ன தபால்காரரா, சீட்டு மாறிடுச்சுன்னு ஆளை வேற வீட்டுல இறக்கிட்டுப் போக?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளே அழுதாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.

தேடப் போன படகுகள் ஒரு தண்ணீர்க் கேனையும் ஒரு ரப்பர் செருப்பையும் கொண்டுவந்தன. செருப்பு கேப்டனுடையது என்றார்கள். பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் துணி அறைக்கே வந்தார். கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, இங்கேதான் கொண்டுவந்திருக்கிறோம், முகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். கேப்டன் வீட்டார் காலையிலேயே பார்த்துவிட்டுத் தங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் மிச்சம் இரண்டு வீடு.

அந்த நடைபாதை எனக்குப் புதிதல்ல. வாரம் இரண்டு முறை அந்தக் கதவு வரை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவேன். உள்ளே போனதில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் சமையல்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்கள் சபைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் கிளம்பிவிடுவாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீங்க முதல்ல போறீங்களா அக்கா?" என்றாள்.

"நீ போறியா?"

"எனக்குக் கால் வரல."

நான் போனேன். மேஜையில் விரிப்பு மூடியிருந்தது. மூலையில் சிவப்பு நூல் குறி. என் கைத்தையல். "இடது கையை மட்டும் காட்டுங்க" என்றேன். அங்கே வேலை பார்ப்பவர் விரிப்பை ஓரமாக விலக்கினார்.

கட்டைவிரல் முழுதாக இருந்தது. நகத்தோடு இருந்தது.

"ஸ்தோத்திரம்!" என்றேன். சத்தமாக. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் எழுந்து, கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுகைச் சத்தம் வரும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். வரவில்லை. சிறிது நேரத்தில் வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"அவர்தான்" என்றாள். "உள்ள போயிருக்கவே வேண்டாம். உங்க வாயில ஸ்தோத்திரம் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மூன்று நாளும் என்னால் எதுவும் விழுங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் வீடு இடிந்துபோன நேரத்தில் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். முதலில் சொன்னது நாலு மணி நேரம் முந்தியது. இரண்டாவது, அடுத்தவள் காதில் விழுந்தது. இனி அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கரையொதுங்கியது என் கணவர் இல்லை என்பதை ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக அவர் நினைத்துவிட்டார். கடைசி வரிசையில் சமையல்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வந்திருந்தாள்.

முன்னால் போய் நின்றேன். அறிவிப்புப் பலகையிலிருந்து சீட்டை எடுத்து வந்திருந்தேன். ஊசியும் சேர்ந்து வந்துவிட்டது.

"இது விசுவாசம் இல்ல" என்றேன். "சனிக்கிழமை எனக்கு ஒரு மணிக்கு வேலை. செக்கர் அண்ணன் பன்னிரண்டுக்கு மேல சீட்டு வாங்க மாட்டார். அதான் முன்னாடியே போட்டேன். எட்டு வருஷமா அப்படித்தான் போடறேன்."

எங்கேயோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் இருமலானது.

"என் வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. உயிரோட இருக்காரான்னு தெரியாது. ஆண்டவர் கொண்டுவருவாரான்னும் தெரியாது. பயமா இருக்கு. உங்ககிட்ட சொன்னா அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து இத்தனை நாள் சொல்லல. இப்பவும் பயந்துக்கிட்டேதான் சொல்றேன்."

போதகர் முகம் வெளுத்துப் போயிருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அக்கா. என்ன சொல்றதுன்னு தெரியாம அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

செக்கர் அண்ணன்தான் தொண்டையைச் செருமினார். நோட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் எந்தப் பக்கத்துல எழுதட்டும்மா?"

அவர் கேட்டதில் கேலி இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

"வெள்ளையில எழுதுங்கண்ணே. கடல்ல இருக்கார்."

எழுதினார். உடனே வாசிக்கவும் செய்தார். எல்லோரும் ஜெபித்தார்கள். நானும் கண்களை மூடினேன். எனக்குப் பயமாயிருக்கிறது, நீர் அங்கே இருக்கிறீரா என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரத்தில் நான் செய்த முதல் ஜெபம் அது. பதில் எதுவும் வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் நான் பேசியது ஒருவரிடம்தான் என்பது மட்டும் தெரிந்தது. வெற்று அறையில் பேசுவதற்கும் ஆள் இருக்கிற அறையில் பேசுவதற்கும் குரலில் ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் இருந்தது. அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது, கடைசி வரிசையில் இன்னும் உட்கார்ந்திருந்த சமையல்காரர் மனைவியின் அருகே போய் நின்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் வந்து கூப்பிடும்வரை அப்படியே இருந்தோம்.

பிறகு நாலு மாதம். வாரம் ஒரு வெள்ளைச் சீட்டு. "இந்த வாரமும் கடல்ல" என்று செக்கர் அண்ணன் வாசிப்பார். சில வாரங்களில், இனி பிழைத்திருக்க வழியில்லை என்று மனம் சொல்லும். ஆனாலும் எழுதுவேன். தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். அடிக்காத நாளில் அதைவிட மோசம். பயத்தைப் பழகிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். பயத்தோடேயே காலையில் எழுந்து, பயத்தோடேயே ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போகப் பழகினேன்.

கடைசியில் முக்குளிப்பவர்கள் படகைக் கண்டுபிடித்தார்கள். கடலடியில் ஒருக்களித்துக் கிடந்ததாம். என்ஜின் அறைக்குள்ளே இவர் இருந்தார். கேப்டன் கிடைக்கவே இல்லை. செய்தி சொன்ன அதிகாரி கட்டைவிரலைப் பற்றி அவராகவே சொன்னார். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்ஜின் நின்றுபோனதும் சரிசெய்ய இறங்கியிருப்பார், அப்போதுதான் படகு கவிழ்ந்திருக்க வேண்டும், அதிக நேரம் ஆகியிருக்காது என்றார். "அதிக நேரம் ஆகியிருக்காது" என்பதை நான் பல தடவை ஆண்டவரிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன். வயர்லெஸ் நின்றது அன்று விடிகாலையில். அப்படியானால் நான் சீட்டெழுதிய அந்த மத்தியானத்தில் அவர் ஏற்கெனவே போயிருந்தார். என் பொய்யும் அவரைக் கவிழ்க்கவில்லை, என் உண்மையும் கவிழ்க்கவில்லை. இது எனக்கு ஆறுதலா என்று கேட்டால், ஒரு பக்கம் ஆறுதல்தான். மறுபக்கம், அத்தனை வாரமும் யாருக்காக ஜெபித்தேன் என்ற கேள்வி நிற்கிறது. அதையும் ஆண்டவரிடமே வைத்திருக்கிறேன். அவர் அவசரப்படவில்லை. நானும் இப்போது அவசரப்படுத்துவதில்லை.

அடக்கம் முடிந்த அன்று, எல்லோருக்கும் முன்னதாக வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டது சமையல்காரர் மனைவிதான். யாரும் கூப்பிடவில்லை. பெரிய பாத்திரத்தைக் கழுவ வெந்நீர் வேண்டுமென்று, தொட்டிக்கு மேல் சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தாள். சில்லென்று கையில் கொட்டியதும் "ஐயோ!" என்று பின்வாங்கினாள்.

"அது மாத்தி வெச்சது" என்றாள் நாத்தனார். "ஊர்ல இருக்கிற என்ஜினை எல்லாம் பிரிச்சு மாட்டுவார் எங்கண்ணன். சொந்த வீட்டுக் குழாயை மட்டும் தலைகீழா மாட்டிட்டார்."

சமையல்காரர் மனைவி ஈரக்கையோடு நின்றபடி சிரித்தாள். பிறகு நானும்.

குழாயைச் சரி செய்ய ஆள் கூப்பிடலாம் என்று நாத்தனார் இரண்டு தடவை சொன்னாள். கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் சிவப்புப் புள்ளியில் குளிர்ந்த நீர்தான் வருகிறது.